களத்தில் நின்ற கால்

சூட்டைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். மூட்டை தூக்க வந்த அரிசி ஆலையையே பிற்பாடு விலைக்கு வாங்கினேன். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிறவர்கள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்க்கிறார்களே, அந்தப் பெரிய சிமெண்டுக் களம் என்னுடையது. யாரும் எனக்கு எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. என் உள்ளங்கை சம்பாதித்தது அது.

உள்ளங்கை என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. புழுங்கல் அரிசித் தொழிலே சூட்டை நம்பித்தான் நடக்கிறது. நெல்லை ஊறவைத்து, நீராவியில் அவித்து, களத்தில் கொட்டிக் காயவைக்கிறோம். ஒரே மூச்சில் காயவைத்தால் அரைக்கும்போது உடைந்து நொய்யாகிவிடும். அதனால் பாதி காய்ந்ததும் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவோம். உள்ளே இருக்கிற ஈரம் மெல்ல வெளியே வரும். மறுபடி பரப்புவோம். கடைசியில், சூடு முழுக்க ஆறின பிறகுதான் மூட்டை கட்டுவோம். வெதுவெதுப்போடு சாக்கில் போட்டுத் தைத்துவிட்டால் நெல் உள்ளேயே வேர்த்துப்போகும். அரிசி மஞ்சளாகும், வாடை அடிக்கும், கடைக்காரன் திருப்பி அனுப்பிவிடுவான்.

எப்போது குவிப்பது, எப்போது பரப்புவது, எப்போது கட்டுவது, எல்லாம் என் கை சொல்லும். குவியலுக்குள் மணிக்கட்டு மறைகிற வரை விடுவேன், கண்ணை மூடிக்கொள்வேன். "பரப்பு" என்றால் பரப்புவார்கள். "ஆறிடுச்சு, கட்டு" என்றால் கட்டுவார்கள். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கமிருந்து நெல் கொண்டுவருகிற பெரிய பெரிய விவசாயிகள்கூட, நான் கையை உள்ளே விட்டதும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். டாக்டர் நாடி பிடிக்கும்போது நிற்பார்களே, அப்படி.

கைக்குச் சளைத்ததில்லை என் கால். சோறாகப் போகிற பொருள்மேல் செருப்புக் கால் படக்கூடாது என்பது எங்கள் களத்துக் கட்டுப்பாடு. ஆலைக்குள் வந்ததும் எல்லோரும் கேட்டுக்குப் பக்கத்திலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் அந்தச் சிமெண்டில் வெறுங்காலோடு நிற்பது என்றால் சும்மா இல்லை. பெண்ணாட்கள் பாதத்தில் பழந்துணியைச் சுற்றிக்கொண்டுதான் நெல்லைக் கிளறுவார்கள். லோடு ஏற்றுகிற ஆட்கள் நிழல் பார்த்துத் தாவித் தாவி ஓடுவார்கள். நான் நடுக்களத்தில் இடுப்பில் கைவைத்து நிற்பேன். வாலிபத்தில் நானும் குதித்தவன்தான். ஆனால் சமீபத்துக் கோடைகளில் சூடு என்னிடம் தோற்றுவிட்டது. வேலை செய்து செய்து தோல் உரமேறிவிட்டது என்று நினைத்தேன். யானைக்கு வெயில் ஒரு பொருட்டா?

களத்துப் பெண்ணாட்களில் மூத்தவள் ஒருத்தி உண்டு. நான் ஆலை வாங்கிய காலத்திலிருந்து கூடவே இருப்பவள். வாய் கொஞ்சம் நீளம். என்னைப் பார்த்து, "மொதலாளிக்கு இருக்கறது காலா, ரயிலு தண்டவாளமா?" என்பாள். களமே சிரிக்கும். அதைக் கல்யாண வீடுகளில் நானே நாலு பேரிடம் சொல்லிக் காட்டியிருக்கிறேன்.

போன கோடையில் ஒரு மத்தியானம். வழக்கம்போல் கையை விட்டுப் பார்த்தேன். குளுகுளுவென்று இருந்தது. "ஆறிடுச்சு, கட்டு" என்றேன். என் மகன் பக்கத்தில் நின்றான். காலேஜ் படித்தவன், என்னோடு சேர்ந்து ஆலையைப் பார்த்துக்கொள்கிறவன். "சரிப்பா, நீங்க சாப்ட போங்க. ஜல்தி போனா சோறு சூடா இருக்கும்" என்றான்.

மொபெட்டை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டின பிறகுதான் மூக்குக் கண்ணாடியை பாய்லர் பக்கம் வைத்துவிட்டது ஞாபகம் வந்தது. திரும்பினேன். பாய்லர் கொட்டகைக்குப் பின்வழி ஒன்று இருக்கிறது, அதன் வழியாகப் போனேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு களத்தைப் பார்த்தால், ஒரு சாக்குகூடப் பிரிக்கவில்லை. நான் கட்டச் சொன்ன குவியலைக் கலைத்துப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். என் மகன் குந்தியிருந்தான். அவன் கையில் நீளமான கம்பி ஒன்று, தலைப்பில் கடிகாரம் மாதிரி வட்டமாக ஒன்று. அந்தக் கம்பியை மிச்சக் குவியலுக்குள் சொருகி வைத்திருந்தான்.

"இன்னா சொல்லுது தம்பி ஒங்க மிசினு?" என்றாள் மூத்தவள்.

"நல்லா சுடுதுக்கா. பொழுது சாயற வரைக்கும் பரப்பி வெக்கணும்."

"இதத்தான நான் கைய வெச்ச ஒடனே சொன்னேன்? இதுக்கு ஒரு கம்பி, ஒரு கடியாரம்!"

புதிதாக வந்த லோடுக்காரன் ஒருவன் கேட்டான். "பெரியவரு ஆறிடுச்சுன்னு சொல்லிட்டுப் போனாரே?"

"அவரு ஆறிடுச்சுன்னு சொன்னா, சாப்ட கெளம்பிட்டாருன்னு வெச்சுக்கோ. அப்பறம்தான் நமக்கு வேலையே" என்றாள் மூத்தவள்.

எல்லோரும் சிரித்தார்கள். என் மகனும் சிரித்தான். சத்தம் போட்டுச் சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். தலையைக் குனிந்துகொண்டு, அடக்கிக்கொண்டு, பழகின சிரிப்பாகச் சிரித்தான்.

நான் கொட்டகையை விட்டு வெளியே வந்தேன். சிரிப்பு நின்றது. கம்பியைப் பின்னால் மறைக்கப் பார்த்தான் மகன்.

"எத்தினி நாளா நடக்குது இந்தக் கூத்து?"

மூத்தவள்தான் முன்னால் வந்தாள். "புள்ளைய ஏசாதீங்க மொதலாளி. முந்தி ஒரு லோடு அரிசி மஞ்சளாயி திரும்பி வந்துச்சு. ஒங்களுக்குத் தெரிய வாணாம்னு அம்மாதான் சொன்னாங்க."

"எந்த அம்மா?"

"எந்த அம்மாவா? ஒங்க ஊட்டு அம்மாதான்."

மகன் அப்புறம் மெல்ல ஆரம்பித்தான். "சுகர்னால கையும் காலும் மரத்துப் போயிக்கினு வருதுப்பா. டாக்டர் அப்பவே சொல்லி, ஒங்ககிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லுன்னாரு. நாங்கதான் சொல்லல. ஒங்ககிட்ட யாரு வந்து சொல்றது?"

"மரத்துப் போச்சா? எனக்கா?"

விடுவிடுவென்று போய் நெல் பரப்பாத வெறுஞ்சிமெண்டில், களத்தின் நட்டநடுவில் நின்றேன். சூரியன் உச்சியில். இடுப்பில் கைவைத்துக்கொண்டேன். பார்க்கட்டும் என்று நின்றேன். எப்போதும் கைகொட்டிச் சிரிக்கிறவர்கள் ஒருத்தரும் சிரிக்கவில்லை. மகன், "வந்துடுப்பா, ப்ளீஸ் வந்துடு" என்று கத்தினான். மூத்தவள் துணி சுற்றின காலோடு ஓடிவந்தாள்.

"வந்துடுங்க மொதலாளி. கொப்புளம் போட்டுடும்."

"சுட்டாத்தானே போடும்? எனக்குச் சுடலியே!"

"அதனாலதான் சொல்றேன், வாங்க!" என்றாள்.

என் இஷ்டத்துக்கு நின்றுவிட்டுத்தான் நடந்தேன். நடந்து நிழலுக்கு வந்து திரும்பிப் பார்த்தேன். வந்த வழியெல்லாம் சிமெண்டில் ஈரம். எவனோ தண்ணீரைச் சிந்திவிட்டானென்று திட்ட வாயெடுத்தேன். பாதத்தின் வடிவத்தில் இருந்தது ஈரம், குதிகால், பெருவிரல் எல்லாம் அச்சாக. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெயில் அதை ஒவ்வொன்றாக உறிஞ்சிவிட்டது. குனிந்து பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். தோல் உரிந்து தொங்கியது. கொஞ்சமும் வலிக்கவில்லை.

மகனும் மனைவியும் செய்தது துரோகம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களுக்கு முன்னால் என்னை ஏமாற்றியது இந்தக் கால். மூட்டை சுமந்து சுமந்து இந்த ஆலையை எனக்கு வாங்கிக் கொடுத்த கால். அதற்குச் சூடு தெரியாமல் போனதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் வீரம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன், அது பாட்டுக்குக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறது.

முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்குக் காரில் போட்டுக்கொண்டு போனான் மகன். கட்டுப் போட்டார்கள். பிறகு என்னைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு நர்சுப் பெண், நைலான் நரம்பு மாதிரி எதையோ வைத்து, கட்டுப் போடாத பாதத்தைத் தொட்டுப் பார்க்க வந்தாள்.

"தொட்டா தெரியுதான்னு சொல்லுங்க தாத்தா."

"தெரியுது" என்றேன்.

"இன்னும் தொடவே இல்ல தாத்தா."

கண்ணைத் திறந்தபோது என் மகன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் நின்ற மனைவியைக் கேட்டேன். "ஒனக்கு எப்போ தெரியும்?"

குழம்பைக் கிண்டுவதை நிறுத்தாமல் சொன்னாள். "நீங்க குளிக்கறப்போ. அண்டாவுல கைய வெக்க முடியாத சூட்டுல இருந்த தண்ணிய கால்ல ஊத்திக்கினு, 'இன்னா தண்ணி காயவெச்ச, ஆறிப்போச்சு'ன்னு கத்துனீங்களே, அன்னிக்கு. அப்போலேருந்து நீங்க வர்றதுக்கு முன்னாடியே போயி பச்சத்தண்ணி கலந்து வெச்சிடறேன்."

"சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"சொல்றதுக்குத்தான் ரப்பர் செருப்பு வாங்கியாந்து குடுத்தேன். சூடு காலுக்கு ஆவாது, போட்டுக்கோங்கன்னேன். நாயிக்குப் போட்டுவுடுன்னீங்க."

அந்தச் செருப்பு ஞாபகம் இருந்தது. ஆமாம், அப்படித்தான் சொன்னேன்.

"களத்துக்குப் போவாம ஊட்டுல ஒக்காந்தா நீங்க தாங்க மாட்டீங்க. அந்தப் பயந்தான்" என்றாள்.

அதற்குப் பாசம் என்று பேராம். இருக்கட்டும். கடை போட்டு விளையாடுகிற குழந்தையிடம் மண்ணைச் சர்க்கரை என்று வாங்கிக்கொள்வார்களே, அப்படி என்னிடம் "சரிங்க மொதலாளி" சொன்னார்கள். என் கை பார்த்த பிறகு மூத்தவள் கை பார்த்தது, அவள் கைக்குப் பிறகு கம்பி பார்த்தது. கண்ணை மூடிக்கொண்டு நின்ற ஒரே ஆள் நான்தான்.

இப்போதும் ஆலைக்குப் போகிறேன். நிழலில் நாற்காலி போட்டிருக்கிறார்கள். நான் உட்கார்ந்திருக்கிற இடம் வரைக்கும் செருப்போடு வரலாம் என்று களத்துக் கட்டுப்பாட்டை எனக்காகத் தளர்த்தியும் விட்டார்கள். கேட்காமலே. மகன் சில நாள், "வந்து கைய வெச்சுப் பாருங்கப்பா" என்று கூப்பிடுவான். நான் போவதில்லை. மூத்தவள் இப்போது தண்டவாளப் பேச்சை எடுப்பதில்லை. எனக்கு அதைக் கேட்காமல் காது வெறிச்சென்று இருக்கிறது.

புண் ஆற ரொம்ப நாள் பிடித்தது. ஆறின பிறகும் தினமும் பாதத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். சாயங்காலம் மனைவி ஒரு பேசினில் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைப்பாள். முதல் நாள் அதன் மேல் ஆவி பறந்தது. முகத்தை அருகில் கொண்டுபோனேன், முகத்துக்குத் தெரிந்தது, ஆனால் எவ்வளவு என்று தெரியவில்லை. காலைத் தூக்கியவன் வைக்காமல் அப்படியே நிறுத்தினேன். வாழ்நாளில் இந்தக் கேள்வியை எல்லோரும் என்னிடம்தான் கேட்டிருக்கிறார்கள்.

"சுடுதா?" என்று கேட்டேன்.

அவள் கையை உள்ளே விட்டு, கொஞ்சநேரம் வைத்திருந்து, எடுத்தாள்.

"பதமா இருக்குது. வைங்க."

இத்தனை நாள் என்னிடம் மறைத்தவளும் இவள்தான். வேறு யாரைக் கேட்பது? அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே காலை இறக்கினேன்.