என் முகம் அசையாத நாளில் வந்த செய்தி

மெத்தையிலிருந்து எழ முடியவில்லை. என் நோய் முதலில் அப்படித்தான் தெரிந்தது.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் உட்கார்ந்து புடவைகளைப் பிரித்துக் காட்டுகிற வேலை. ஒரு நாளில் எத்தனையோ முறை உட்கார்ந்து எழுவேன். அன்று மதியம் ஒரு கல்யாண வீட்டாருக்கு அரக்கு நிறத்தில் இன்னொரு புடவை எடுக்க எழுந்தேன். தொடை என் பேச்சைக் கேட்கவில்லை. சிரித்துச் சமாளித்து, பக்கத்தில் இருந்த பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

அதற்கு மூன்று நாள் முன்பிருந்தே பாதங்களில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. சத்துக் குறைவு என்று நானே முடிவுகட்டி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டேன். இதைப் படிக்கும் உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ காலில் தொடங்கிய பலவீனம் மேலே மேலே ஏறினால், ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.

மறுநாள் காலை வீட்டு வாசலின் இரண்டு படிகளை என்னால் ஏற முடியவில்லை. என் கணவர் அன்பு, ஃப்ரிட்ஜ் மெக்கானிக். கனமான பெட்டிகளைத் தூக்கிப் பழகியவர். என்னையும் அப்படியே தூக்கி ஆட்டோவில் வைத்தார். காஞ்சிபுரம் மருத்துவமனையில் பார்த்தவுடனே சென்னைக்கு அனுப்பிவிட்டார்கள்.

நரம்பியல் மருத்துவர் ஒரு பெண். சிறிய சுத்தியலால் என் முழங்காலைத் தட்டினார். கால் உதறவேயில்லை.

“ரெண்டு வாரத்துக்கு முன்னாடி வயித்துப்போக்கு ஏதாவது இருந்ததாம்மா?”

இருந்தது. ஒரு விருந்துக்குப் பிறகு நான்கு நாள் படுத்தியது. அதற்கும் காலுக்கும் என்ன தொடர்பு என்று எனக்குப் புரியவில்லை.

“ஒரே மூச்சுல எண்ணுங்க பார்ப்போம்.”

இருபத்திரண்டு வரை எண்ணினேன். மாலையில் மறுபடி எண்ணச் சொன்னார். பதினான்கிலேயே மூச்சு தீர்ந்தது. உடனே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

கில்லன் பாரே சிண்ட்ரோம் (கிருமியை எதிர்க்க வேண்டிய உடலின் பாதுகாப்பு, குழம்பிப்போய் சொந்த நரம்புகளையே தாக்கும் நோய்) என்றார்கள். முதுகுத் தண்டு நீரை எடுத்துப் பார்த்தார்கள். இம்யூனோகுளோபுலின் (பலர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புப் பொருள்) ஐந்து நாள் சொட்டுச் சொட்டாக ஏறியது. அதற்குள் கைகளும் ஓய்ந்துவிட்டன. பிறகு முகம். கண்ணை முழுதாக மூட முடியவில்லை. உதடு குவியவில்லை. நல்லவேளையாக மூச்சு அதற்குமேல் இறங்கவில்லை.

இந்த இடத்தில் நான் ‘மின்வெட்டு’ பற்றிச் சொல்ல வேண்டும்.

மின்வெட்டு என்பது ஒரு ராக் இசைக்குழு. வடசென்னையைச் சேர்ந்த நான்கு பேர். நாங்கள் வீட்டில் பேசுகிற அதே தமிழில், எலக்ட்ரிக் கிட்டாரோடு கத்திப் பாடினார்கள். கல்லூரியில் படிக்கும்போது நானும் என் தோழி ரெஜினாவும் ஒரு கலைவிழாவில் அவர்களைக் கேட்டோம். அன்றைக்கு விழுந்தவர்கள்தான். எங்கே மேடை போட்டாலும் பஸ் பிடித்துப் போனோம். சில ஆண்டுகளில் பாடகர் குமரனும் கிட்டார் வாசித்த ஜோயலும் மேடையிலேயே சண்டை போட்டுக்கொண்டு பிரிந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பதினான்கு வருடம். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் நானும் ரெஜினாவும் வாழ்த்துக்குப் பதில் ஒரே ஒரு கேள்வியை அனுப்பிக்கொள்வோம்: “இந்த வருஷமாவது சேருவானுங்களா?”

ஐந்தாவது சொட்டு மருந்து முடிந்த மறுநாள், பார்வையாளர் நேரத்தில் அன்பு வந்தார். ரெஜினா விடாமல் அழைக்கிறாள் என்று போனை என் காதில் வைத்தார்.

“ஜெசி! சேந்துட்டானுங்கடி! ரெண்டு பேரும் ஒண்ணா நின்னுக்கினு வீடியோ போட்டுக்கிறானுங்க! அஞ்சு மாசத்துல சென்னையில ஷோ!”

நான் சிரித்தேன். சிரித்ததாக நினைத்தேன். முகத்தில் எதுவும் நடக்கவில்லை. கையைத் தூக்கிப் போனைப் பிடிக்கப் பார்த்தேன். கை படுக்கையிலேயே கிடந்தது. வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. அதை வெளியே விட உடம்பில் ஒரு வாசலும் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த இயந்திரம்தான் ‘பீப் பீப்’ என்று கத்தத் தொடங்கியது.

செவிலியர் ஓடி வந்தார். “இன்னா ஆச்சு? பல்ஸ் இப்பிடி ஏறுது? இன்னா சொன்னீங்க அவங்களாண்ட?”

அன்பு பயந்துபோய், “நான் ஒண்ணும் சொல்லல சிஸ்டர். பாட்டு குரூப்பு ஒண்ணு திரும்ப சேந்துடுச்சாம்” என்றார்.

செவிலியர் என் முகத்தைப் பார்த்தார். அது சுவர்போல் இருந்திருக்கும். “அதுக்கு இவங்க சந்தோசப்படுறாங்களா, வருத்தப்படுறாங்களா?”

“சந்...தோ...சம்” என்றேன். குழறலாகத்தான் வந்தது. அவர் சிரித்துவிட்டார். போனைப் பிடுங்கி அன்புவின் சட்டைப் பையில் போட்டுவிட்டு, மருத்துவரிடம் சொல்லப் போனார்.

கையும் முகமும் கொஞ்சம் கொஞ்சமாக அசையத் தொடங்கிய பிறகு, இரண்டாவது மாதம் வீட்டுக்கு வந்தேன். பிசியோதெரபி (பயிற்சியால் தசைகளை மீட்கும் சிகிச்சை) கொடுத்தவர் புவனா. கண்டிப்பானவர். ஆர்வத்தில் நான் அதிகம் நடந்துவிட்டால் திட்டுவார். “அசந்துட்டா நிறுத்திடணும்மா. முரண்டு பண்ணினா வந்த பலமும் பின்னால போயிடும்.” இந்த நோய் வந்தவர்கள் இதை நன்றாக நினைவில் வையுங்கள். எனக்கு அது கடினமாக இருந்தது. காலண்டரில் ஒரு தேதி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

ரெஜினா மூன்று டிக்கெட் வாங்கிவிட்டாள். அன்பு ஒப்புக்கொள்ளவில்லை.

“நாலு மாசம் முன்னாடி உன்ன தூக்கிக்கினு ஓடினேன் ஜெசி. கும்பல்ல யாராவது இடிச்சா இன்னா பண்றது?”

“இன்னாங்க, பதினாலு வருசம் காத்துக்கினு இருந்தேங்க.”

“அவங்க திரும்ப பாடுவாங்க.”

“சண்ட போட்டுக்குவாங்க. உங்களுக்கு அவங்கள தெரியாது.”

முடிவை மருத்துவரிடம் விட்டோம். அவர் கொஞ்சம் யோசித்தார். “சக்கர நாற்காலியில போங்க. உட்கார்ந்தே பாருங்க. சோர்வா இருந்தா பாதியில கிளம்பிடணும்.” நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அன்றைக்கு எதைச் சொல்லியிருந்தாலும் ஆட்டியிருப்பேன்.

மாலை வெயில் இன்னும் இறங்காத மைதானம். மேடைக்கு இடப்பக்கம், சக்கர நாற்காலிகளுக்காகப் பலகையால் ஒரு மேடு கட்டியிருந்தார்கள். குமரன் வந்தார். தாடி நரைத்து, தொப்பை விழுந்திருந்தது. ஜோயல் கண்ணாடி போட்டிருந்தார். பாட்டு பழைய வேகத்தில் இல்லை. சுருதியையும் இறக்கியிருந்தார்கள். முதல் நான்கு வரி எனக்குத் திக்கென்று இருந்தது. ஐந்தாவது வரியில் மைதானமே சேர்ந்து பாடியது. நானும் கத்தினேன். உதட்டின் வலது மூலை இன்னும் சரியாகவில்லை, அதனால் சொற்கள் கோணலாக வந்தன. யாருக்குக் கேட்கப் போகிறது!

மூன்றாவது பாட்டில், அடிக்குரலில் அதிரும் பேஸ் கிட்டார் மட்டும் தனியாக ஒலித்தது. அப்போது உள்ளங்காலில் ஏதோ நடந்தது. அதுவரை என் பாதங்கள் தடித்த காலுறை போட்டதுபோல் மந்தமாகவே இருந்தன. பலகை அதிர்ந்தது, அந்த அதிர்வு எனக்குத் தெரிந்தது. செருப்பைக் கழற்றினேன்.

“இன்னாங்க, கால்ல தெரியுது! கால்ல தெரியுதுங்க!”

அன்புவுக்கு அந்த இசை கடைசிவரை இரைச்சல்தான். ஆனாலும் குனிந்து தன் செருப்பையும் கழற்றினார். வெறுங்காலைப் பலகையில் வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். “ஆமாம்மா. ஜிவ்வுனு ஏறுது” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

கடைசிப் பாட்டுக்கு ஒரு பக்கம் ரெஜினாவும் மறுபக்கம் அன்புவும் பிடிக்க, எழுந்து நின்றேன். முழுப் பாட்டும் நின்றதாகத்தான் எனக்கு நினைவு. பாதிப் பாட்டுதான் என்கிறாள் ரெஜினா.

அதற்குப் பிறகு மூன்று நாள் எழுந்திருக்காமல் கிடந்தேன். புவனா திட்டித் தீர்த்தார். சோர்வு இன்னும் முழுதாகப் போகவில்லை. உங்களுக்கும் மாதக்கணக்கில் இருக்கலாம், பயப்படாதீர்கள். எவ்வளவு ஏங்கினாலும் எதுவும் இருந்தது இருந்தபடியே திரும்புவதில்லை என்று இப்போது தெரிகிறது. இறங்கிய சுருதியோடு வந்தாலும் வந்ததைக் கட்டிக்கொள்ளலாம்.

போன ஞாயிறு காலை நானும் அன்புவும் திருப்பருத்திக்குன்றம் சமணக் கோயில் வரை நடந்தோம். முன்பெல்லாம் வண்டியில் ஒரே ஓட்டமாகப் போய்வருகிற இடம். இப்போது ஒவ்வொரு காலையும் எங்கே வைக்கிறேன் என்று பார்த்து வைக்க வேண்டியிருக்கிறது. கல்லைப் பார்த்த பிறகு கால் தூக்க ஒரு கணம் ஆகிறது. பாதி வழியில் வெளியூர்க்காரர் ஒருவர் காரை நிறுத்தி, கோயில் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டார்.

“அரை மணி நேரம் ஆவும்” என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. அன்பு முன்னால் வந்து, “கார்ல அஞ்சு நிமிசம் சார்” என்றார்.

கார் போய்விட்டது. எங்களுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.