நகராத சைக்கிளில் ஒரு வாரம்

சைக்கிள் ஓட்டினால் முதலில் வலிப்பது கால் என்று நினைத்திருந்தேன். உட்காரும் இடம்தான். அதுவும் வீட்டுக்குள், நிறுத்தி வைத்த சைக்கிளில் ஓட்டினால் கேட்கவே வேண்டாம். ரோட்டில் பள்ளம் வந்தால் எழுந்து நிற்போம், சிக்னலில் காலை ஊன்றுவோம். அறைக்குள் பள்ளம் ஏது, சிக்னல் ஏது? உட்கார்ந்தது உட்கார்ந்தபடி மிதிக்க வேண்டியதுதான். ஏறி மிதித்த மறுநாளே ஆபீஸ் நாற்காலியில் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார ஆரம்பித்துவிட்டேன்.

ஆபீஸ் என்பது துறைமுகத்துக்குக் கன்டெய்னர் அனுப்பும் ஒரு கம்பெனியின் கிளை. தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி வந்தேன். பிள்ளைகள் படிப்பு கெட வேண்டாம் என்று மனைவி அவர்களோடு அங்கேயே இருக்கிறாள். நான் மட்டும் திருவொற்றியூரில் ஒரு மாடி வீட்டில். தினமும் போன் செய்வாள். சாப்பிட்டாச்சா என்பாள், ஆச்சு என்பேன், அதற்குமேல் இருவருக்கும் பேச்சு ஓடாது. ஆபீஸில் எல்லாரும் கணினியோடு பேசுகிறவர்கள். ஞாயிறு காலை ஒன்றுதான் நான் வாய் திறந்து பேசும் நேரம்.

அன்று விடியும்போது தேரடியில் ஏழெட்டுப் பேர் சைக்கிளோடு கூடுவோம். எண்ணூர், அத்திப்பட்டு வழியாக மீஞ்சூர் போய் டீ குடித்துவிட்டுத் திரும்புவோம். கன்டெய்னர் லாரி ஓடும் ரோடு என்பதால் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. கடைசியில் வருகிறவனைத் தனியாக விடமாட்டார்கள், துணைக்கு ஒருவர் பின்தங்கி வருவார். துணைக்கு வருகிறவர் எப்போதும் ராயபுரத்து அண்ணன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். கடைசி ஆள் எப்போதும் நான். ரோடு காலியாக இருக்கும் இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு பேசுவோம். அவர் மகளுக்கு மாப்பிள்ளை தேடும் கதை, என் மகன் கணக்கில் கோட்டை விட்ட கதை, காசிமேட்டில் சங்கரா மீன் வாங்கினால் எப்படி ஏமாறாமல் வாங்குவது என்பது வரை. என்னை அண்ணாச்சி என்பார். தெற்கத்திக்காரன் என்றால் இந்த ஊரில் அண்ணாச்சிதான், மளிகைக்கடை வைத்திருக்கிறானா என்றெல்லாம் பார்க்கமாட்டார்கள்.

ஒரு ஞாயிறு நாங்கள் இருவரும் மீஞ்சூர் போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் இரண்டாவது டீயில் இருந்தார்கள். வெயில் ஏறிவிட்டது. அண்ணாச்சிக்காக எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பது, அவர் எண்ணூரோடு திரும்பிவிடட்டுமே என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. சுருக்கென்றது. அண்ணனுக்கும் நான் பாரமாகத்தானே இருக்கிறேன் என்று அப்போதுதான் தோன்றியது. இந்தக் கூட்டமும் என்னைக் கழற்றிவிட்டால் நான் யாரோடு போய்ப் பேசுவேன்? பயந்துபோனேன்.

அதற்காகத்தான் இந்த வதை. குழுவில் ஒருவர் வீட்டில் சும்மா கிடந்த டிரெயினரை இரவல் வாங்கி வந்தேன். பின்சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கிப் பிடிக்கும் இரும்புத் தாங்கி அது. ஓர் உருளை டயரை அழுத்திக்கொண்டிருக்கும், மிதித்தால் எதிர்க்காற்றில் போவதுபோல் கனக்கும். கனம் மட்டும்தான், காற்று கிடையாது. ஆபீஸ் விட்டு வந்ததும் ஏறுவேன். ஜன்னலைத் திறந்தால் எண்ணூர்ப் பக்கத்துக் கரித்தூள், மூடினால் புழுக்கம். மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டித் தரையில் குளம் கட்டியது. பழைய லுங்கியை விரித்துப் போட்டேன். உள்ளங்கை மரத்துப்போனது. எதிரே சுவர். டிவியைப் போட்டால் உருளையின் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு மிதித்தபோது, இந்த ஊரில் நான் எவ்வளவு தனியாக இருக்கிறேன் என்பது நன்றாக உறைத்தது.

நடுவில் ஒரு நாள் கதவைப் படபடவென்று தட்டினார்கள். கீழ்வீட்டு அக்கா மூச்சிரைக்க நின்றார்.

"இன்னா சார், மோட்டார போட்டுட்டு தூங்கிட்டியா? டேங்க் ரொம்பி வழியப் போவுது."

என் சைக்கிள் சத்தத்தைத் தண்ணீர் மோட்டார் என்று எண்ணிவிட்டார். உள்ளே அழைத்துக் காட்டினேன். சுற்றி வந்து பார்த்தார். இவ்வளவு மிதித்தும் எங்கேயும் போகாத வண்டி எதற்கு என்று கேட்டுச் சிரித்தார். டீ போடட்டுமா என்றேன். அடுப்பில் பால் இருக்கிறது என்று இறங்கிப் போய்விட்டார். மறுநாள் மிதிக்கும்போது வாசல் பக்கம் ஒரு காது வைத்திருந்தேன். சத்தம் அவருக்குப் பழகிவிட்டது போலிருக்கிறது, வரவில்லை.

ஒரு வாரத்தில் காலுக்கு என்ன பெரிய பலம் வந்துவிடும்? ஆனால் வலித்தாலும் நிறுத்தாத பிடிவாதம் வந்திருந்தது. ஞாயிறன்று முன்னால் போகிறவர்களை ஒட்டிக்கொண்டே போனேன். எண்ணூர் தாண்டியும் விடவில்லை. எனக்கே நம்ப முடியவில்லை. முன் வரிசையில் யாரும் பேசுவதில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. ஒற்றை வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு, முன்னால் இருப்பவர் முதுகைப் பார்த்தபடி மிதிக்கிறார்கள். பள்ளம் வந்தால் கையைக் காட்டுவார்கள், அவ்வளவுதான். மீஞ்சூரில் எல்லாரும் என் முதுகில் தட்டினார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது.

இரண்டாவது டீ முடியும்போது அண்ணன் வந்தார். கூட அன்றுதான் குழுவில் சேர்ந்த ஒருவர். எதையோ சொல்லி இருவரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். புதியவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது மாப்பிள்ளை கதையாகத்தான் இருக்கும். நான் பாதிதான் கேட்டிருக்கிறேன்.

திரும்பிக் கிளம்பும்போது அண்ணன் பக்கத்தில் போய் நின்றேன். "அண்ணே, நான் உங்ககூடவே பின்னால வாரேன்."

அவர் என் தோளில் கை போட்டார். "இவரு குழுவுக்குப் புச்சு, அண்ணாச்சி. இவர வுட்டுட்டு வர முடியாது. மூணு பேரா பக்கத்துல பக்கத்துல வந்தா லாரிக்காரன் தட்டிட்டுப் பூடுவான். நீதான் நல்லா ஓட்டற இல்ல, முன்னால போ."

அக்கறையோடுதான் சொன்னார். முன் வரிசையில் எனக்கு இடம் விட்டு எல்லாரும் காத்திருந்தார்கள்.