முகமூடிக்குக் கீழே இருந்த கைகள்

ரொறன்ரோவுக்கு வந்த இரண்டாவது வருடம், வங்கிகளுக்குப் பணம் கொண்டுபோகும் வண்டியில் எனக்குக் காவலாளி வேலை கிடைத்தது. பார்க்டேலில் என்னோடு அறையில் இருந்த சிவா, "பெரிய துவக்காக் கேட்டு வாங்கு மச்சான். கண்டவுடனை கள்ளன் ஓடவேணும்" என்றான். எனக்கும் அதே ஆசைதான்.

பயிற்சி தந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் எந்தக் கைத்துப்பாக்கி நல்லது என்று முதல் நாளே கேட்டேன். "அதைப் பிறகு பார்ப்போம். முதலில் எதிரே நிற்பவரின் கைகளைப் பார்க்கப் பழகுங்கள்" என்றார். வாரக்கணக்கில் அதையே செய்யவைத்தார். முகத்தைப் பார்த்தால் ஏச்சு விழும். எனக்கு அலுத்துப்போனது.

ஒக்ரோபர் கடைசியில் வெக்ஸ்போர்ட்டில் ஒரு வங்கிக்குள் பணப்பையோடு நுழைந்தேன். மண்டையோட்டு முகமூடி போட்ட ஒரு உருவம் கவுண்டருக்குப் பின்னாலிருந்து எழுந்தது. போர் நடந்த எங்கள் ஊரில் முகத்தை மூடியவன் முன்னால் நின்றால் உயிர் நமதில்லை. என் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போய்விட்டது. ஆனால் கண்கள் தாமாகவே கீழே இறங்கின. அந்த உருவத்தின் இரண்டு கைகளும் ஒரு கிண்ணத்தைப் பிடித்திருந்தன. கிண்ணம் நிறைய ரொபி, வண்ணத்தாளில் சுற்றிய இனிப்புகள்.

"ஹப்பி ஹலோவீன்" என்றது ஒரு பெண்குரல். இங்கே வேடம் போடவென்று இருக்கும் நாளில் வங்கிக்காரரும் வேடம் போடுவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. துப்பாக்கியிலிருந்து கையை விலக்கி ஒரு ரொபி எடுத்தேன்.

"என்ன துவக்குத் தந்தவங்கள் எண்டு நீ இன்னும் சொல்லேல்லை" என்றான் சிவா, பின்னேரம். ரொபியை அவன் கையில் வைத்தேன்.

அந்தத் துப்பாக்கியின் பெயர் இப்போது நினைவில்லை. இன்றும் எதிரே வருபவரின் கைகளைத்தான் முதலில் பார்க்கிறேன். அநேகமாக அவை எதையோ தரத்தான் நீள்கின்றன.