மோரில் கலக்கிய கடற்பாசி

என் மகள் எண்ணூறு மீட்டர் ஓட்டக்காரி. போட்டி நெருங்கினாலே அவளுக்கு வயிறு கெட்டுவிடும். கடற்பாசி மாத்திரை குடலுக்கு எதிர்ப்புச் சக்தி தரும், விளையாட்டு வீரர்களுக்கு நல்லது என்று எங்கோ படித்தேன். தூத்துக்குடியில் இருந்துகொண்டு பாசியை மாத்திரையாக வாங்குவதா? திரேஸ்புரத்தில் பாசி எடுக்கும் ஒரு பெண்ணிடம் இரண்டு கிலோ வாங்கி, மாடியில் காயவைத்துப் பொடித்து, தினமும் காலை ஐந்தரைக்கு ஒரு கரண்டி மோரில் கலந்து கொடுத்தேன்.

மூன்றாம் நாளே, "வயிறு வலிக்குப்பா" என்றாள்.

"பழகிரும், குடி" என்றேன்.

ஒன்பதாம் நாள் மாவட்ட அணிக்கான தேர்வு ஓட்டம். பள்ளிப் பிரிவில் அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. இரண்டாவது சுற்றில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தடத்தை விட்டு வெளியேறினாள்.

அவளை வீட்டில் இறக்கிவிட்டு, நேராகத் திரேஸ்புரம் போய்ப் பாசி விற்ற பெண்ணிடம் சத்தம் போட்டேன்.

"அண்ணாச்சி, இது கம்பெனிக்குப் போற பாசி. அங்கன அவிய அலசி, காய்ச்சி, என்னென்னமோ செய்வாவ. திங்கதுக்குன்னு ஒரு வார்த்தை சொன்னியளா? செடிக்கு உரம் போடக் கேக்கியன்னுலா நெனச்சேன்!" என்றாள். பிறகு அவள் குரல் இறங்கியது. "பிள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. மைதானத்திலிருந்து அவளை வண்டியில் கூட்டி வரும்போதும் பாசியைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்குத் திரும்பி மகளிடம் கேட்டேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள், "இப்பவாவது கேட்டியளே" என்றாள்.

தேர்வு போனதைவிட, அதைக் கேட்க எனக்கு முன்பின் தெரியாத ஒருத்தி நினைவுபடுத்த வேண்டியிருந்ததுதான் இன்றும் உறுத்துகிறது.