குங்குமம் இல்லாத கார்டு

இனி வைத்தியம் வேண்டாம், வலியில்லாமல் பார்த்துக்கொள்வோம் என்று டாக்டர் சொன்ன பிறகு, மலேசியாவின் குருண் ஊரில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் பதினொரு பிஸ்கட் டின் கொண்டுவந்தார்கள். எண்ணி அடுக்கியவன் நான். என் மனைவி பிஸ்கட் தொடமாட்டாள்.

அவளுடைய புற்றுநோய் ஈரலுக்குப் பரவியிருந்தது. அது அவளுக்கும் தெரியும். வந்தவர்கள் தாழ்ந்த குரலில் பேசி, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். எங்கள் தாமான் குடியிருப்பின் வீட்டு வரிசையில் எந்தப் பெண்ணுக்கு நலங்கு என்றாலும் முதல் எண்ணெய் வைப்பது அவள் கைதான். இப்போது யாரும் அவளை எதற்கும் கூப்பிடுவதில்லை. வீட்டுக்கு வரும் தாதி, "வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்டால், அவள் வாய் திறக்குமுன் நானே ஓர் எண்ணைச் சொல்லிவிடுவேன்.

ஒரு காலை எதிர்வீட்டுப் பெண், மகளின் கல்யாணக் கார்டை வாசல் கேட்டுக்கு வெளியே நின்றபடியே என்னிடம் நீட்டினாள்.

"அண்ணே, அக்காகிட்ட சொல்ல வேணாம்லா. வர முடியலன்னு மனசு கஷ்டப்படும்."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாரு அது, கேட்டுல நின்னு குசுகுசுன்னு? உள்ள வா."

வந்தாள். என் மனைவி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வெறும் கார்டா? குங்குமம் எங்கடி? நான் என்ன போயிட்டேனா?"

எதிர்வீட்டுக்காரி ஓடிப்போய், தட்டில் குங்குமமும் வெற்றிலையுமாகத் திரும்பினாள். நெற்றியில் வைக்கும்போது அழுதுவிட்டாள்.

"அழுது குங்குமத்த மூக்குல கொட்டிடாத. நலங்குக்கு மொதல்ல யாரு?"

"நீங்கதாங்க்கா. வேற யாரு?"

நான் குறுக்கிட்டேன். வாசலில் நான்கு படி. ஐம்பது பேராவது கூடுவார்கள். எட்டு மணிக்கு மாத்திரை.

"நீங்க எண்ணிக்கிட்டே இருங்க. நான் போயிட்டு வரேன்."

சனிக்கிழமை மாலை நலங்குக்கு அவளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். அந்த வீட்டுப் பையன்கள் படியில் நாற்காலியோடு தூக்கினார்கள். அவள் முதலில் வைத்த எண்ணெய் பெண்ணின் மூக்கில் வழிந்தது. பெண் சிரித்தாள், இவளும் சிரித்தாள். அவளுக்குப் பின் எட்டுப் பேர் வைத்தார்கள். மொத்தம் ஒன்பது. ஒற்றைப்படை, சரியாக இருந்தது.

திரும்பும்போது கேட்டேன், "வலி எத்தனை?"

"சும்மா இருங்க. அந்தப் புள்ளைக்கு மருதாணி செவக்கவே இல்ல. காலைல எலுமிச்ச சாறும் சீனியும் தடவணும். என்னைக் கூட்டிட்டுப் போங்க."

வீட்டில் இரண்டு எலுமிச்சைதான் இருந்தது. கடை அடைப்பதற்குள் போய் இன்னும் மூன்று வாங்கி வந்தேன்.