ரத்தம் சொன்ன பட்டினி

போன ஆடி மாசம் நடந்தது இது. நாங்கள் இருப்பது அடையாறு ஆத்தோரம். எனக்குக் கண் ஆபரேஷன் முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு வீட்டில் இருந்தேன். என் வீட்டுக்காரர் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன், பகலும் ராத்திரியும் அங்கேதான் காவல்; சர்க்கரைக்காரர். பார்வை மங்கலாக இருந்தாலும் அவருக்கு ரெண்டு வேளைச் சோறும் நான்தான் கட்டிக் கொடுப்பேன். யாரையும் அடுப்பண்டை விடமாட்டேன். டிபன் பாக்ஸும் காலியாகவே திரும்பி வரும்.

ஒருநாள் காலையில் வேலை முடிந்து வந்தவர் வாந்தி எடுத்தார். ஓடி வந்தவர் மாதிரி மூச்சு வாங்கியது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். விரலில் குத்திப் பார்த்தார்கள், சர்க்கரை சரியாக இருந்தது.

"பித்தம்தான். இட்டுனு போறேன்" என்று கிளம்பிவிட்டேன்.

சின்ன வயசு டாக்டரம்மா விடவில்லை. கையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார். ரத்தத்தில் இருக்கிற உப்புகளைக் கூட்டிக் கழித்தால் இத்தனை இடைவெளி வரக்கூடாதாம். வந்தால், கணக்கில் காட்டாத அமிலம் ஏதோ உள்ளே சேர்ந்திருக்கிறது என்று அர்த்தமாம். விட்டால் உயிருக்கே ஆபத்தாம்.

"தாத்தா, ஒழுங்கா சாப்பிடுறீங்களா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என் கையால கட்டிக் குடுக்குறேன். பாக்ஸு காலியாத்தான் வருது டாக்டரம்மா!"

என் வீட்டுக்காரர் என் முகத்தையே பார்க்கவில்லை. "இவ கண்ணு நல்லாத் தெரியணும்னு ஆத்தாகிட்ட வேண்டிக்கினேம்மா. அதுவரைக்கும் மோர்தான். சோத்தை நாய்ங்களுக்குப் போட்டுட்டேன். மாத்திர மட்டும் வுடல, நிறுத்தக் கூடாதுன்னு சொல்லிக்கீறாங்களே."

அவர் போடுவது சர்க்கரையை மூத்திரத்தில் வெளியேற்றுகிற ரக மாத்திரையாம். அதோடு பட்டினி கிடந்தால், சர்க்கரை ஏறாமலே அமிலம் சேருமாம். மாத்திரையை நிறுத்திவிட்டு, இன்சுலினோடு குளுக்கோஸும் ஏற்றினார்கள். சர்க்கரைக்காரருக்குச் சர்க்கரைத் தண்ணியா என்று சண்டைக்கே போனேன். "பசிச்ச உடம்பு பாட்டி, ரெண்டும் சேந்துதான் போகணும்" என்று டாக்டரம்மா என் தோளைத் தட்டினார்.

மூச்சு சீரானதும் அவர் காதண்டை குனிந்தேன். "யோவ், எங்கையில ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ வுட்டுருப்பியா மே? வாயில திணிச்சிருப்ப."

"ஆத்தாவுக்கு நான் கூழ் ஊத்திக்கிறேன். நீ மொதல்ல துன்னு."

இப்போது கண் நன்றாகத் தெரிகிறது. அவர் கடைசிக் கவளம் முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து பார்க்கிறேன். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று பெருமை பேசினவள் நான். வாய் திறந்து ஒருநாளும் ஆசையாகப் பேசாத மனுஷனுக்கு என் மேல் இருந்த பாசத்தை, கையில் எடுத்த அந்த ரத்தம் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.