எதிர் வீட்டில் கதவடைத்த நாள்

இதை எழுதப் பல வருடமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். பெருமாளைக் கும்பிடுகிறவள் வேறு மதத்தாரின் விரதத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று எழுதினால், அவரே என்ன நினைப்பாரோ என்று பயம்.

மும்பை செம்பூரில் எங்கள் எதிர் வீட்டில் வயதான யூதத் தம்பதி. வீட்டில் பேசுவது மராட்டி. அந்த அம்மாளை நான் அண்ணி முறையில் பாபி என்பேன். வருடத்தில் ஒரு நாள் இருவரும் தண்ணீர்கூடக் குடிக்காமல், வெள்ளை உடுத்தி, கதவை அடைத்துக்கொண்டு, செய்த பாவங்களுக்கு ஆண்டவனிடம் மன்னிப்புக் கேட்பார்கள். அதற்கு முன் மனிதர்களிடம் கேட்டுவிட வேண்டுமாம். "ஏதாவது மனசு நோகப் பேசியிருந்தா மாஃப் பண்ணிடு" என்று முதல் நாளே பாபி என்னிடம் வருவார்.

"உங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட கேப்பாரா?" என்றேன் ஒரு தடவை.

"முதல்ல என்கிட்டதான்!" என்று சிரித்தார்.

ஒரு வருடம் அந்த நாள் புரட்டாசிச் சனிக்கிழமையில் வந்தது. எனக்கும் விரதம். எதிர் வீட்டுக்கு வந்த கூரியர்காரனை, வாட்ச்மேனை எல்லாம், "இன்னைக்கு அவங்களுக்கு உபவாஸ், நாளைக்கு வாங்க" என்று நானே திருப்பி அனுப்பினேன். சத்தமில்லாமல் இறங்கிப் போனார்கள்.

என் வீட்டில் நான் வெறும் வயிற்றோடு வடை சுட்டேன். படையல் முடிந்து வந்தவர்களுக்கெல்லாம் இலை போட்டேன். "ஏட்டி, சாம்பார்ல உப்பே இல்ல" என்றார் என் வீட்டுக்காரர். ருசி பார்க்காமல் சமைத்தவளிடம்! மூடிய அந்தக் கதவைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. பசியால் அல்ல. பெருமாளோடு எனக்கும் ஒரு நாள் தனியாக வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை, யாரிடமும் சொல்லாமல், சாமி படம் இருக்கும் உள்ளறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரர் தட்டினார். "ஏட்டி, டீ?"

நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேலுக்கு முடியலையா?"

அவர் குரல் இறங்கியது.

"ஆளுவ முன்னால உப்பில்லன்னு சொன்னதுக்கா கோவம், ஏட்டி?" மெல்ல இன்னொரு தட்டுத் தட்டி, "ஒங்க ஐயா முடியாம கெடந்தப்போ, நம்ம கடைய யாரு பாப்பான்னு ஒன்னைய ஊருக்கு விடாம நிறுத்துனேம்லா... அது தப்புதான்."

அப்பா அந்தப் படுக்கையிலிருந்து எழவே இல்லை. அதைப் பற்றி இவர் அதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. பெருமாள் எதிரில் இருந்தார். என் காதெல்லாம் கதவில் இருந்தது. அழுது முடித்து, திறந்து, டீ போட்டேன்.

பாபியின் வீட்டுக்காரர் வருடா வருடம் கேட்கிறார். எனக்கு அந்த ஒரு தடவைதான். இதை யாரிடமாவது சொன்னால் உள்ளபடியே சொல்லுங்கள். என் பொறாமை அன்றோடு தீர்ந்தது என்று, நல்லெண்ணத்தில்கூடச் சேர்த்துவிடாதீர்கள்.